பூமி தட்டை என்று பீட் எழுதவில்லை

1492 இல் கொலம்பஸ் கடலேறும் வரை ஐரோப்பியத் துறவிகள் பூமியைத் தட்டை என்றே நம்பினர் என்றும், இங்கிலாந்தின் பீட் அடிகளும் அவர்களுள் ஒருவர் என்றும் ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

ஏழு வயதில் மடத்தில் ஒப்படைக்கப்பட்டு, வட இங்கிலாந்துப் பகுதியான நார்தம்பிரியாவின் ஜாரோ மடத்தில் வாழ்ந்து 735 இல் மறைந்த பீட், 725 இல் எழுதிய காலக்கணித நூலில், பகற்பொழுதின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடுவதற்குப் பூமியின் உருண்டை வடிவமே காரணம் என்று விளக்குகிறார். கேடயத்தைப் போல வட்டமானது என்று மட்டும் கொள்ளாமல், எல்லாப் பக்கமும் சமமாக உருண்ட பந்தைப் போன்றது என்றும் அவர் தெளிவுபடுத்துகிறார். தட்டை என்று திரித்துப் படிக்க இதில் இடமே இல்லை. அதே நூலில், கடல் ஓதம் நிலவைப் பின்பற்றி நாள்தோறும் தாமதமாகிறது என்பதையும், ஒரே கரையிலும் அதன் நேரம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். கடலோரத்தில் வாழ்ந்தவரின் கூர்மையான கவனிப்பு அது.

தட்டைப் பூமிக் கதை பரவியதற்கு, 1828 இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் புனைவு கலந்து எழுதிய கொலம்பஸ் வரலாறு ஒரு முக்கியக் காரணம். இதே போல, கி.பி. ஆண்டுமுறையை உருவாக்கியவர் பீட் என்பதும் சரியன்று: 525 இல் அதை வகுத்தவர் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, பீட் 731 இல் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றின் வழியே அது பெருவழக்காயிற்று.