பென்சிலில் எழுதிய பெயர்

என் மாணவி ஒருத்தி போன வருடம் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் படித்தாள். எங்களுடையது அரசுக் கல்லூரி. புள்ளியியல் ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் கல்லூரியில் அதே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், நல்ல கணினி ஆய்வகம், வகுப்பில் காலி இருக்கைகள். இரண்டு கல்லூரிகளும் ஏற்கெனவே புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருந்தன. அந்த நம்பிக்கையில் "போய்ப் படி" என்று அவளை அனுப்பியது நான்தான். அனுமதிக் கடிதத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

எங்கள் வகுப்பு முடிவது 10.50-க்கு. அங்கே வகுப்பு தொடங்குவது 10.40-க்கு. நடுவில் ஒரு மதில்தான் என்றாலும் வாசல் வழியாகச் சுற்றிப் போகப் பதினைந்து நிமிடம். ஆக, தினமும் பாதி வகுப்புக்குத்தான் அவளால் போய்ச் சேர முடிந்தது. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு எண் கிடையாது. அந்த ஆசிரியர் நல்ல மனிதர், கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் அவள் பெயரை எழுதி வைத்துக்கொண்டார். செமஸ்டர் முடிந்ததும் மதிப்பெண்ணைத் தனிக் கடிதமாக அனுப்பினார். எங்கள் அலுவலகத்தில் அதை எங்கே ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கணினியில் வெளிக் கல்லூரிப் பாடத்துக்கென்று கட்டமே இல்லை. அந்த மதிப்பெண் அவளுடைய சான்றிதழில் ஏற நான்கு மாதம் ஆனது. அதற்குள் அவள் போட நினைத்திருந்த மேற்படிப்பு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டது.

இதில் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் உதவத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த வேலை யாருடைய வேலையாகவும் இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். வளங்களைப் பகிர்வது, கல்வித் தரத்தை உயர்த்துவது என்றெல்லாம் இருக்கிறது. மணி எப்போது அடிக்க வேண்டும், பதிவேட்டில் பெயரை யார் சேர்க்க வேண்டும், மதிப்பெண் எந்த வழியாக வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் இதை நன்றாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்தில் ஐந்து நிறுவனங்கள் இருக்கின்றன. ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுன்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் ஆகிய நான்கும் தனியார் கல்லூரிகள். ஐந்தாவது, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம், அரசுடையது. அங்கே ஒன்றில் சேர்ந்த மாணவர் கூடுதல் கட்டணம் இல்லாமல் மற்ற நான்கிலும் பாடம் எடுக்கலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம். வளாகங்களுக்கு இடையே பேருந்து ஓடுகிறது, மாணவர்களிடம் டிக்கெட் கேட்பதில்லை. இந்தப் பேருந்தைப் பற்றிப் படித்தபோது என் மாணவி மூச்சிரைக்கச் சுற்றி நடந்துபோன அந்தப் பதினைந்து நிமிடம்தான் நினைவுக்கு வந்தது.

இந்த ஐந்து கல்லூரிகளின் கூட்டமைப்பு சட்டப்படி பதிவானது 1965-இல். ஆனால் அவர்களுடைய கூட்டு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1951-லேயே மூன்று தனியார் கல்லூரிகள் சேர்ந்து, அதிகம் பேர் எடுக்காத இதழ்களை ஆளுக்கொரு பிரதி வாங்காமல் ஒரே இடத்தில் வாங்கி வைக்க ஒரு பொது நூலக மையம் தொடங்கின. அரசுப் பல்கலைக்கழகம் பிறகு அதில் சேர்ந்துகொண்டது. 1958-இல் அந்த நான்கின் ஆசிரியர்களும் உட்கார்ந்து புதிதாக ஒரு கல்லூரிக்கே திட்டம் எழுதினார்கள். அதுதான், கூட்டமைப்பு பதிவான பிறகு, 1970-இல் ஹாம்ப்ஷயராகத் திறந்தது. பத்துப் பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்துப் பழகிய பிறகுதான் நிர்வாக அமைப்பு வந்திருக்கிறது. நாம் அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் குழு, அப்புறம் தலைவர், அப்புறம் துணைக்குழு. வகுப்பறைக்கு மட்டும் எதுவும் வந்து சேர்வதில்லை.

மேலிருந்து கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸைப் பார்க்கலாம். 2013-இல் அங்கே ஒரு சட்டம், ஒரே பகுதியில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் ஏதாவது ஒரு வகையில் கூட்டாகச் சேர வேண்டும் என்றது. பெரிய பெரிய கூட்டமைப்புகள் உருவாயின. அவற்றில் சில கலைந்தே போயின. 2018-இல் இன்னும் நெகிழ்வான வடிவங்களுக்கு அரசே வழி விட வேண்டியிருந்தது.

சரி, நிர்வாகமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அரசுக் கல்லூரியும் தனியார் கல்லூரியும் சேரும்போது அது இன்னும் தெளிவாக வேண்டும். தனியார் கல்லூரி முதல்வர் தன் அறங்காவலர்களிடம் பேசிவிட்டால் போதும், அடுத்த மாதமே ஆள் எடுக்கலாம், கட்டடத்தில் மாற்றம் செய்யலாம். அரசுக் கல்லூரி முதல்வருக்கு அது முடியாது. பணியிடம் மேலிருந்து வர வேண்டும், பணம் அரசு ஒதுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு நகர வேண்டும். கூட்டத்தில் இரண்டு முதல்வர்களும் சமமாகக் கை தூக்கலாம். ஆனால் ஒருவரால் மட்டும் தூக்கிய கையை உடனே செயலாக்க முடியாது. இது அந்தப் பக்கத்துக்குப் புரிவதில்லை, 'அரசுக் கல்லூரி மெத்தனம்' என்று பேசிவிடுகிறார்கள். மாசசூசெட்ஸிலும் இதே வேறுபாடு உண்டு. தனியார் கல்லூரித் தலைவர் தன் சொந்த அறங்காவலர் குழுவுக்குப் பதில் சொன்னால் போதும். அரசு வளாகத்தின் தலைவரோ (அங்கே அவரை வேந்தர் என்கிறார்கள்) மாநிலம் முழுவதுக்குமான பல்கலைக்கழக அமைப்புக்குக் கட்டுப்பட்டவர். அப்படியிருந்தும் ஐந்து தலைவர்களும் ஒரே இயக்குநர் குழுவில் உட்காருகிறார்கள். அவர்களோடு முழுநேரச் செயல் இயக்குநர் ஒருவரும், அவருக்குக் கீழே தனி அலுவலகமும் உண்டு. அந்த அலுவலகம் எந்த ஒரு கல்லூரிக்கும் சொந்தமில்லை. பென்சிலில் எழுதிய பெயரை மையில் எழுத வேண்டியது அந்த மாதிரி ஓர் ஆளின் பொறுப்பு. எங்களிடம் இல்லாதது அந்த ஆள்தான். இரண்டு கல்லூரியிலும் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களிடம் 'கூடுதல் பொறுப்பு' என்று கொடுத்தால் இது நடக்காது. நானே அந்தக் கூடுதல் பொறுப்பில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பக்கத்தில்தான் புள்ளியியல் நடக்கிறதே, உங்களுக்கு எதற்குப் பணியிடம்?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. பகிர்வது என்ற பெயரில் அரசுக் கல்லூரி துறை துறையாகக் காலியாகிவிடக் கூடாது. அதனால் ஒப்பந்தத்தில் முதல் வரியே இதுவாக இருக்க வேண்டும்: கூட்டாக நடத்தும் பாடத்தைக் காரணம் காட்டி எந்தப் பணியிடத்தையும் ஒழிக்கக் கூடாது. ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் ஒரே ஆசிரியரை இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து நியமிக்கிறார்கள். தனியாக ஓர் ஆளை அமர்த்த முடியாத சிறிய பாடங்களுக்கு அது கைகொடுக்கிறது. இருப்பதைக் குறைத்துக்கொள்ளாமல், இல்லாததைச் சேர்ந்து உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரிகள் ஒருவருக்கொருவர் பில் போட ஆரம்பித்தால் அரசுக் கல்லூரிப் பிள்ளை அங்கே விருந்தாளியாகிவிடும். கணக்கை நிர்வாகங்கள் வருட முடிவில் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியவே கூடாது. அங்கிருந்தும் மாணவர்கள் இங்கே வர வேண்டும். எங்கள் தாவரவியல் துறையின் மாதிரித் தொகுப்பு பல வருட உழைப்பு. அதைப் பார்க்க அந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. நாங்கள் அழைத்ததும் இல்லை.

அடுத்த கூட்டுக் கூட்டம் வரும் வாரம். நிகழ்ச்சி நிரலில் கூட்டமைப்புக்குப் பெயர் வைப்பதும் சின்னம் தேர்ந்தெடுப்பதும் இருக்கின்றன. நான் இரண்டு கல்லூரிகளின் டைம் டேபிளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மதியம் 2 மணிக்கு இரண்டு பக்கமும் கட்டம் காலியாக இருக்கிறது. முதலில் அந்த இரண்டு கட்டத்தைப் பேசி முடிப்போம் என்று கேட்கப் போகிறேன்.