என் கணக்கைப் பார்க்க நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

"கிளவுட்டுக்கு வந்துருங்க அண்ணாச்சி, எங்கேயிருந்து வேணாலும் கடையைப் பார்க்கலாம்" என்று சொல்லாத பில்லிங் மென்பொருள் ஏஜெண்ட் இன்று ஊரில் இல்லை. கிளவுட் என்றால் மென்பொருளும் கணக்கும் நம் கம்ப்யூட்டரில் இருக்காது; எங்கோ இருக்கிற அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், நாம் சந்தா கட்டி நெட் வழியாகப் பார்க்க வேண்டும். எங்கேயிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், சரி. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியவில்லையே, அதற்கு என்ன பதில்?

எங்களுடையது ஹார்டுவேர் கடை. காலை எட்டு முதல் ஒன்பது வரைதான் உயிர் போகிற நேரம். பிளம்பரும் கொத்தனாரும் சைட்டுக்குப் போகிற வழியில் வந்து நிற்பார்கள். முக்கால் இஞ்ச் எல்போ நாலு, டேங்க் நிப்பிள் ஒன்று, டெஃப்லான் டேப், சால்வென்ட். பெரிய தொகை ஒன்றும் இல்லை. அதற்குப் பில் போடத்தான் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெருமுனையில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பொக்லைன் ஃபைபர் வயரை அறுத்துவிட்டதாம். கரண்ட் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, சரக்கு ரேக்கில் இருக்கிறது, வாங்குகிறவர் காசோடு நிற்கிறார். பில் மட்டும் போட முடியாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் மறுபடியும் லாகின் செய்யச் சொல்கிறது. லாகினுக்கு ஓடிபி. ஓடிபி போவது தம்பியின் நம்பருக்கு. அவன் மதுரையில் சரக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான், போனை எடுக்கவில்லை. "துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க அண்ணாச்சி, நேரமாவுது" என்கிறார் பிளம்பர். சாயங்காலம் அந்தத் துண்டுச் சீட்டையெல்லாம் உட்கார்ந்து ஏற்றுவது யார்? நான்தான்.

பழைய மென்பொருள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கவுண்டர் பையன் மவுஸைத் தொடாமலே பில் போடுவான். ஐட்டம் கோடு, அளவு, என்டர், என்டர், பிரிண்ட். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியது. இப்போது இருக்கிற கிளவுட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ அப்டேட் வருகிறது, காலையில் பிரிண்ட் பட்டன் இடம் மாறியிருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

விருப்பப்பட்டா மாறினோம்? 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, சிமெண்ட் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. அதைச் சாக்காக வைத்து, "பழைய வெர்ஷனுக்கு இனிமேல் சப்போர்ட் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். சரக்குப் பட்டியல் இருக்கிற ஐட்டம் மாஸ்டரைத் திறந்து வரி விகிதத்தை மாற்ற எனக்கே தெரியும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்கிற ஃபைல் வடிவம் அடுத்து மாறினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள்.

என் வயிற்றெரிச்சல் நெட் போவது பற்றி மட்டும் இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு, ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கச் சொல்கிறது. 2024-25 கணக்கு என்றால் 2031 முடியும் வரை. சரி, நாளைக்கு இந்தச் சந்தாவை நிறுத்தினால் என் கணக்கு என்ன ஆகும்? கேட்டேன். "ரீட்-ஒன்லி பிளான் இருக்கு அண்ணாச்சி" என்கிறார் ஏஜெண்ட். என் கடையில், என் பையன் போட்ட பில்லை, நான் பார்ப்பதற்கு வருஷா வருஷம் வாடகை! அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கிக் கொடுங்கள் என்றால், அது பெரிய பிளானில்தானாம். எனக்குக் கிடைப்பது பிடிஎஃப். ஒவ்வொரு பார்ட்டி லெட்ஜரையும் தனித்தனியாக.

சின்னக் கடைக்காரன் புலம்பல் என்று ஒதுக்க வேண்டாம். குஜராத் வாதினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை, நயாரா எனர்ஜியுடையது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை போட்டதும், மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவையை நிறுத்தியது. மெயில் முடங்கியது. கட்டணமெல்லாம் கட்டியாகிவிட்டது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அதன்பிறகு சேவை திரும்பியது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. என் பக்கம் யார் ஆஜராவது?

சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கடைகளின் சிபியு தண்ணீரில் மிதந்தது! கணக்கின் நகல் வெளியே எங்காவது இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அசலை ஏன் பிடுங்குகிறீர்கள்? அங்கேயும் தொலையாது என்று யார் சொன்னது? ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்ததில் ஒரு பெரிய பகுதி தவறுதலாக அழிந்து, 2024 மே மாதம் அதன் சேவை முடங்கியது. இரண்டு இடத்தில் பிரித்து வைத்திருந்தும் அது தப்பவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக எடுத்து வைத்திருந்த பேக்கப் உதவியது. கூகுளின் வாடிக்கையாளருக்கே அந்த ஜாக்கிரதை தேவைப்பட்டிருக்கிறது.

அடோபி 2013 மே மாதத்திலேயே, இனி ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவில்தான் என்று அறிவித்துவிட்டது. எங்கள் தெரு டிடிபிகாரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதே அடோபி 2001-இல் விட்ட பக்க வடிவமைப்பு மென்பொருள் பேஜ்மேக்கர் 7-ல் இன்றும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தவன் எவனும் இப்போது என் பக்கம் வந்துவிட வேண்டாம்.

கிளவுட் வரட்டும், நான் தடுக்கவில்லை. நெட் அறுந்தாலும் பில் விழ வேண்டும், கேட்ட நிமிஷம் என் கணக்கு முழுசாக என் பென்டிரைவுக்கு வர வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று போன ஏஜெண்டைக் காணோம். சந்தா புதுப்பிக்கச் சொல்லி எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது.