ரிடையர் ஆன பிறகு ஜப்பானிய மொழி எதற்கு?

"இந்த வயசுல இதைப் படிச்சு என்ன பண்ணப் போறார்?" என் வீட்டுக்காரர் ஜப்பானிய மொழி படிக்கிறார் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். வேலைக்குப் போகப் போவதில்லை. ஜப்பானில் சொந்தபந்தமும் இல்லை. ரிடையர் ஆனார், ஆசைப்பட்டார், ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் சிலர் பரிந்துகொண்டு வருவார்கள்: "மூளைக்கு நல்லதுங்க, மறதி வராது." எனக்கு அதுவும் எரிச்சல்தான். அப்படிச் சொல்லும் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க இரண்டு மொழிகளில் புழங்கியவர்களைப் பற்றியவை. அறுபதுக்கு மேல் ஆரம்பித்தவருக்கு அதை மாத்திரை மாதிரி எழுதிக் கொடுக்க முடியாது. பிடித்திருக்கிறது, படிக்கிறார். இது போதாதா?

மொழியும் லேசுப்பட்டது இல்லை. ஹிராகனா என்ற எழுத்து வரிசையில் அடிப்படை எழுத்து 46. அதே ஒலிகளுக்கு கதகானா என்ற வேறொரு வரிசையில் இன்னொரு 46. அப்புறம் காஞ்சி எனப்படும் சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசாங்கப் பட்டியலில் இருப்பதே 2,136. வாக்கிய அமைப்பு மட்டும் நமக்குத் தோது. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். எண்ணிக்கைதான் படுத்துகிறது: தட்டையான பொருளுக்கு ஒரு விதம், நீளமானதற்கு வேறு விதம். மேஜையில் பேனாக்களைப் பரப்பி, "இப்போன், நிஹோன், சம்போன்" என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில், அவர் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆகும்போதே அவர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்திருந்தார். மாணவனாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஆபீசில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்கியவர், எங்கள் மகளைவிடச் சின்ன வயசு டீச்சர் ஆன்லைனில் திருத்தும்போது "சரிங்க மேடம்" என்று தலையாட்டுகிறார். வீட்டுப்பாடம் முடிக்காத அன்று கேமராவை அணைத்துவிடுகிறார்! இந்த ஆளை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஆரம்ப நிலையான என்5 எழுதினார். பேரப்பிள்ளை வயசுக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து தேறியும்விட்டார். அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இவரோ கட்டம் போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார். "பரீட்சையில எழுதவே வேண்டாமே, எதுக்குங்க இவ்வளவு?" என்றால், "எழுதாம எப்படிம்மா படிக்கிறது?" என்கிறார். விடியற்காலையில் சத்தம் போட்டுப் படிப்பது பற்றி எனக்கு வேறு புகார் உண்டு, அது இருக்கட்டும்.

இப்போது அடுத்த நிலையான என்4-க்குத் தயாராகிறார். அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்பது என் வேலை. கேட்டுக் கேட்டு ஹிராகனா எனக்கும் பழகிவிட்டது. நே, ரே, வா மூன்றும் ஒரே சாயல்; அவசரத்தில் மாற்றிப் படித்தால் நான் பிடித்துவிடுகிறேன். "நீயும் பரீட்சைக்குப் பணம் கட்டேன்" என்று சீண்டுகிறார். கட்டுவேனா தெரியாது. தப்புக் கண்டுபிடிப்பதை மட்டும் விடுவதாக இல்லை.