ஆர்கானிக் கோதுமையும் உப்பாத சப்பாத்தியும்

போன மாசம் மச்சான் பேச்சைக் கேட்டு காட்பாடி பக்கம் ஒரு ஆர்கானிக் கடையில 5 கிலோ கோதுமை வாங்கினேன், சாதா கோதுமையை விட டபுளுக்கு மேல ரேட்டு, கவர்ல மாட்டுப் படம் போட்டு "பாரம்பரியம், சத்து அதிகம்"னு எழுதி இருந்துச்சி. தோட்டப்பாளையத்துல எப்பவும் போற மில்லுல அரைச்சி எடுத்துட்டு வந்தா, தேய்க்கறப்பவே ஓரமெல்லாம் வெடிக்குது, கல்லுல போட்டா அப்பளம் மாதிரி வறண்டு போவுது, ஒண்ணு கூட உப்பல. "இதான் உங்க ஆர்கானிக்கா"ன்னு வீட்டுல ஒரே பாட்டு.

மறுநாள் மில்லுக்காரர் கிட்ட சொன்னா, அவரு மிச்சம் இருந்ததைக் கையில அள்ளிப் பார்த்துட்டு சிரிக்கறாரு. "இன்னாணா, இது சம்பா கோதுமை, நீட்டு நீட்டா செவப்பா கீது பாருங்க, ரவைக்கும் கஞ்சிக்கும் போறதுணா, இதுல போய் சப்பாத்தி சுட்டீங்களா?"

அதான் விஷயமே. மாவை இழுத்துப் பிடிக்கிற புரோட்டீன்தான் குளூட்டன், சம்பாவுல அதோட வலு கம்மி, எரு போட்டு வளர்த்தாலும் யூரியா போட்டு வளர்த்தாலும் அது அப்படித்தான். ரகம் பண்ற வேலையை எல்லாம் ஆர்கானிக் தலையில கட்டறோம், நல்லதையும் சரி கெட்டதையும் சரி.

இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்ங்கற ஆராய்ச்சிப் பண்ணையில 1843ல இருந்து ஒரே நிலத்துல கோதுமை போட்டு வர்றாங்க, ஒரு பாத்திக்கு வெறும் எரு, இன்னொண்ணுக்கு உரம், ஒண்ணுக்கு எதுவுமே கிடையாது. அங்க எடுத்து வெச்ச பழைய மணியை எல்லாம் டெஸ்ட் பண்ணி பார்த்தா 1960கள் வரைக்கும் ஜிங்க், இரும்பு எல்லாம் ஒரே மாதிரி இருந்துட்டு குட்டை ரகம் வந்தப்புறம்தான் இறங்கி இருக்கு. மண்ணுல சத்து குறையல, எரு பாத்தியிலயும் இதே கதைதான். "உரம் போட்டு சத்தைக் கொன்னுட்டான்"னு வாட்சப்ல ஃபார்வர்டு பண்றவங்க இதைக் கொஞ்சம் பாக்கணும்.

மகசூலுக்கு வருவோம். அணைக்கட்டு பக்கம் எனக்கு ரெண்டு ஏக்கர் நெல்லு, ரெண்டு மாடு, அதனால இந்தக் கணக்கு எனக்கு கையிலயே நிக்கும். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 20 கிலோ சொச்சம். ஒரு டன் தொழு எருவுல சுமாரா 5 கிலோதான், அதுவும் முதல் வருஷமே முழுசா பயிருக்குக் கிடைக்காது. அப்போ ஒரு மூட்டைக்கு பதிலா 4 டன்னுக்கு மேல எரு அடிக்கணும். ரோதம்ஸ்டெட் எரு பாத்தி ரொம்ப வருஷம் உரப் பாத்திக்கு சமமா விளைஞ்சது நிஜம்தான், ஆனா அங்க அடிச்சது ஹெக்டேருக்கு வருஷம் 35 டன், நம்ம கணக்குல ஏக்கருக்கு 14 டன். என் ரெண்டு மாடும் சேர்ந்து ஒரு ஏக்கருக்கே இழுபறி, இதுல பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு விதைச்சி மடக்கி உழுதுதான் ஓட்டறேன்.

கோதுமைக்கு இன்னொரு சிக்கல், அது குளிர்ல வளர்ற பயிரு. மண்ணு சில்லுன்னு இருக்கறப்ப எரு மக்கி சத்து விடறது மெதுவா நடக்கும், பயிரு தூர் கட்டறப்ப பசிக்கும், எருவு அப்புறம்தான் வரும். கதிர் வர்ற நேரத்துல கிடைக்கிற தழைச்சத்து மணியில புரோட்டீனை ஏத்தும், யூரியாக்காரன் அப்போ கரெக்டா ஒரு கை மேலுரம் வீசிடுவான், எருக்காரனால முடியாது. அதனால பல இடத்துல ஆர்கானிக் கோதுமையில புரோட்டீன் கொஞ்சம் இறங்கும்.

எப்பவும் அப்படித்தான்னும் சொல்ல முடியாது. சுவிஸ்ல தெர்வில்னு ஒரு ஊர்ல 1978ல இருந்து ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்கறாங்க, 21 வருஷக் கணக்குல ஆர்கானிக் கோதுமை மகசூல் 14 சதவீதம் கம்மி, ஆனா புரோட்டீனும் ரொட்டித் தரமும் ஒண்ணுதான். போட்ட தழைச்சத்து ரொம்பக் கம்மி, அதுக்கு 14 சதவீத இழப்புங்கறது எனக்கு தோல்வியா தெரியல. 2014ல 343 ஆய்வைச் சேர்த்துப் பார்த்தப்ப ஆர்கானிக் விளைச்சல்ல பூச்சிமருந்து எச்சமும் காட்மியம்ங்கற நச்சு உலோகமும் கம்மின்னு வந்துச்சி. நான் காசு குடுக்கறதா இருந்தா இதுக்குத்தான் குடுப்பேன், "சத்து அதிகம்"ங்கற எழுத்துக்கு இல்ல.

மிச்ச கோதுமையை மில்லுலயே ரவையா உடைச்சாச்சி, உப்புமா சூப்பரா வந்துச்சி. நேத்து அதே கடைக்குப் போய் "தம்பி, இன்னா ரகம் இது, எந்த ஊர்ல விளைஞ்சது"ன்னு கேட்டேன். பையன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "ஆர்கானிக் சார்"ங்கறான்.