பின்னால் நிற்காதீர்கள்

ஒரு விசேஷத்தில் நான் மேஜிக் செய்யும்போது பின்னாலிருந்து எடுத்து, ரகசியம் தெரிகிற மாதிரி போட்ட அந்த வீடியோவை இதுவரை பதினேழு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். போதும். அதில் கோட்டு போட்டு நிற்கிறவன் நான்தான், எனக்குத் தெரியும்.

யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம்தான். மேஜிக் நடக்கும்போது பின்னால் நிற்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலுக்குள் நுழைந்ததும் குழந்தையின் அப்பாவிடம் நான் கேட்டதும் இதைத்தான். "சார், எனக்குப் பின்னாடி சுவர் வேணும், ஆள் வேணாம்." தலையாட்டினார். இதைத்தான் இப்போது வீடியோவுக்குக் கீழே 'பந்தா' என்று எழுதுகிறார்கள். என் குருநாதர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது: "போன இடத்துல முதல்ல சுவரைத் தேடு, அப்புறம் மைக்கைத் தேடு, கடைசியா சாப்பாட்டைத் தேடு." எங்கள் தொழிலில் இதற்கு ஆங்கிள் என்று பெயர். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று தெரியும், பக்கவாட்டில் இருப்பவருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். பின்னால் நிற்பவருக்குத் தெரிவது வித்தை இல்லை, என் முதுகு.

நடந்தது என்ன? குழந்தையின் சித்தப்பா கட்லெட் தட்டோடு வந்து பின்னால் நின்றார். "சார், ப்ளீஸ்" என்றேன். சிரித்தார். தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மீதியை நீங்களே பார்த்துவிட்டீர்கள். 'மேஜிக் மேன் குட்டு அம்பலம்'. நான் என்னமோ வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடியவன் மாதிரி.

"காசு வாங்கினீங்கல்ல? எங்க ஃபங்ஷன், எங்க போன்" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். சமையல் மாஸ்டருக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள். அவர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாருங்கள் அண்ணே, கரண்டியாலேயே விரட்டுவார். அவரிடம் பம்முகிறீர்கள். என்னிடம் மட்டும் உரிமை. பேசிய ஏழாயிரத்தில் ஐந்நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்கள், அது வேறு கதை, விடுங்கள்.

"ரகசியம் தெரிஞ்சா போயிடுற கலை என்ன கலை?" என்கிறார் இன்னொருவர். ரகசியம் போனதற்காக நான் அழவில்லை ஐயா. அந்த வித்தைக்கான சாமான் ஒரு பிரியாணி விலைக்கு ஆன்லைனில் கிடைக்கிறது, யூடியூபில் பாடமே நடத்துகிறார்கள். வாங்கிக்கொண்டு வாருங்கள், எதிரே முப்பது குழந்தைகளை உட்கார வைக்கிறேன், செய்து காட்டுங்கள். ஒரு கைக்குட்டையை ஒழுங்காகக் காணாமல் போகச் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது, கண்ணாடி முன்னால், தினமும்.

மைக்கில் "வெளியே போங்க சார்" என்று நான் கத்தியது தப்புதான். காலர் மைக் ஆனில் இருந்தது மறந்துபோயிற்று. சரி.

அப்புறம் அந்த மோடி மஸ்தான் கமெண்ட். அந்தக் காலத்தில் தெருவில் சுற்றிலும் கூட்டத்தை நிற்க வைத்துக்கொண்டே செய்தார்களே, உனக்கு மட்டும் சுவர் எதற்கு? நியாயமான கேள்வி. சின்ன வயதில் சந்தையில் நானும் பார்த்திருக்கிறேன். மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று செப்பு, நாலு துணிப் பந்து, அவ்வளவுதான். அந்தக் கை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் அந்த மோடி மஸ்தான் கோடு போட்டுவிட்டு என்ன சொல்வார் தெரியுமா? "கோட்டைத் தாண்டினா ரத்தம் கக்கிச் சாவே!" நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம். நான் ப்ளீஸ் என்றேன். அங்கேதான் கோட்டை விட்டேன் போல.

அவருடைய செப்பிடு வித்தையை நாம் என்ன செய்தோம்? பட்ஜெட் வந்தால் எதிர்க்கட்சிக்காரர் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். கண்கட்டு வித்தையும் அப்படியே. என் தொழிலின் பெயரே இந்த ஊரில் வசவு.

1956 ஏப்ரலில் நம் நாட்டு மேஜிக்காரர் பி.சி. சர்க்கார், இங்கிலாந்தில் பி.பி.சி. டிவியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவள் முழுசாக எழுந்து நிற்பதற்குள் நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். பெண் செத்துப்போனாள் என்று பதறி ஜனங்கள் போன் போட்டுத் தள்ளினார்கள். படித்தவர்கள்தான், வித்தை என்று தெரியாதவர்களா? ஆனாலும் ஒரு நிமிடம் பதறினார்கள் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறோம்.

2019 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு வித்தைக்காரர் கைகாலைக் கட்டிக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கினார். மேலே வரவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிய நண்பர் கீழே சிரிப்புப் பொம்மை போட்டு, "இதுவும் மேஜிக்கா?" என்று கேட்டிருந்தார். நிஜமாக மூழ்கினால் சிரிப்பு, பொய்யாக மறைத்தால் பித்தலாட்டம். எங்களை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். அந்த வீடியோவில் பன்னிரண்டாவது விநாடியில் என் கோட்டின் உள்பக்கம் தெரிகிறது. உள்ளே பச்சையில் மஞ்சள் பூப்போட்ட ஒரு பை. என் மனைவியின் பழைய ஜாக்கெட் துணி. போன வாரம் கடையில் கறுப்பு லைனிங் கிடைக்கவில்லை, ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து கையாலேயே தைத்துக் கொடுத்தாள். "யார் பார்க்கப் போறா" என்றாள். இப்போது நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'மேஜிக் மேன் பொண்டாட்டி ஜாக்கெட்டைக் காணோமாம்' என்கிற கமெண்ட்டுக்கு மட்டும் அறுநூறு லைக். அதில் ரெண்டு பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. அவள் படித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் பார்த்தால் அந்தப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும் என்றேன். கேட்கவில்லை.

வருகிற சனிக்கிழமை ஒரு காது குத்து. போன் பேசினேன். சுவர் இருக்கிறதாம், ஆனால் அதில் பெரிய ஜன்னல் ஒன்று உண்டாம். சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.