வரிக்கு அப்பால் நிற்கும் தடை

சுங்கவரியைக் குறைத்தாலே வளரும் நாடுகளின் சரக்குக்குச் சந்தை திறந்துவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்த கருத்தை, திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துபவன் என்ற முறையில் என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே ஆயுதங்கள் தவிர்த்த அனைத்துக்கும் வரிவிலக்கு அளித்தது. ஆயினும், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி, வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலே போதும் என்று 2011இல் தளர்ந்த பிறகே வங்கதேசத்தின் நெய்த துணி ஆடைகள் அச்சலுகையை எளிதில் பெற முடிந்தது. பின்னல் முதல் தையல் வரை உள்ளூரிலேயே நடக்கும் எங்களுக்கு அத்தகைய விதி பெரிய தடையன்று. ஒரே சாயக் கழிவுநீரையும் ஒரே சம்பளப் பதிவேட்டையும் ஒவ்வொரு வாங்குநரும் தனித்தனியாகத் தணிக்கை செய்யச் சொல்வதும், அதன் செலவு (பெரும்பாலும் எங்கள் தலையில்தான்) ஏறிக்கொண்டே போவதும்தான் இருபது தையல் எந்திரம் வைத்திருப்பவரை நேரடி ஏற்றுமதியை மறந்து ஜாப் ஒர்க்கோடு (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பதோடு) நின்றுவிடச் செய்கிறது. ஒருவர் ஏற்ற தணிக்கையை மற்றவரும் ஏற்கும் ஏற்பாட்டை வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் நம் அரசு வலியுறுத்த வேண்டும்.