‘போன தடவை யார் வெட்டினாங்க?’

சலூனில் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடித்ததும் இந்தக் கேள்வி வரும். வெட்டுகிறவர் இரண்டு விரலால் முடியின் நுனியை மட்டும் தூக்கி, கண்ணாடி விளக்குக்கு நேராகப் பிடித்து, முகத்தை ஒரு சுளி சுளித்து, அப்படியே விட்டுவிடுவார். பக்கத்து நாற்காலியில் வேலை செய்பவரை ஒரு பார்வை. பிறகு, “ரொம்ப டேமேஜ் மேம். என்ன ஷாம்பு போடுறீங்க?”

முடி மாதத்துக்குச் சுமார் அரை இன்ச் வளரும். தோளைத் தாண்டித் தொங்குகிற நுனிக்கு வயது இரண்டு வருடத்துக்கு மேல். இரண்டு வருட வெயில், போர் தண்ணீர், ஹெல்மெட், வியர்வை எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. விளக்கில் பிடித்தால் யார் தலையிலும் பிளந்துதான் தெரியும். வெட்டுகிறவருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார்.

சென்னையில் சலூன் அவமரியாதை பற்றிப் புலம்பாத ஆளே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்பது என் கட்சி. விற்பதற்காகக் காட்டும் முகச்சுளிப்பு ஒன்று. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த கால்வலியில் வரும் எரிச்சல் இன்னொன்று. தொழில் தெரிந்தவர் முகத்துக்கு நேரே சொல்லும் உண்மை மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கேட்டுக் கோபப்பட்டு எழுந்து வருகிறவர்கள், முதலாவதுக்கு மயங்கி ஐயாயிரம் ரூபாய் கட்டிவிட்டு வருவதுதான் வேடிக்கை.

விற்கும் அவமரியாதை எப்படி வருகிறது? பெரிய சலூன்களில் ஸ்டைலிஸ்டுக்கு மாதச் சம்பளம் குறைவு, இன்சென்டிவ்தான் சாப்பாடு. சம்பளத்தைப் போலப் பல மடங்கு பில் போட்ட பிறகுதான் இன்சென்டிவ் கணக்கே தொடங்கும். வெறும் ஹேர்கட் மட்டும் செய்து அந்த டார்கெட்டைத் தொட முடியாது. ஸ்பா, முடியை நேராக்கிப் பளபளப்பாக்கும் கெரட்டின், ஸ்மூத்தனிங், சீரம் பாட்டில் என்று ஏதாவது சேர்ந்தால்தான் உண்டு. அதனால் முதல் ஐந்து நிமிடம் உங்கள் தலையில் குறை கண்டுபிடிப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. மாதக் கடைசி வாரத்தில் குறைகள் இன்னும் அதிகமாகத் தெரியும்.

இதற்குக் கோபப்படத் தேவையில்லை, விளக்கமும் சொல்லக் கூடாது. “வீட்ல தண்ணி சரியில்ல, அதான்...” என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த வரி ஸ்பாவில்தான் முடியும். “சரி. இன்னைக்கு கட் மட்டும் பண்ணுங்க” என்று ஒரே தடவை, சிரிக்காமல், கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மறுபடி கேட்டால் மறுபடி அதே வாக்கியம், ஒரு சொல்லும் மாற்றாமல். காரணம் சொன்னால்தான் காரணத்துக்குப் பதில் வரும்.

லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும்தான் முடியைக் கெடுக்கிறது என்று அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. உப்புத் தண்ணீரில் குளிக்கும் முடி சொரசொரப்பாகும், ஷாம்பு நுரைக்காது. ஆனால் ஒரு ஸ்பாவின் பளபளப்பு இரண்டு மூன்று தலைக்குளியலில் போய்விடும், ஏனென்றால் நீங்கள் திரும்பிப் போவது அதே குழாய்க்கு. கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரில் அலசினாலே பாதிப் பிரச்சினை குறையும். இதை எந்த சலூனும் சொல்லித் தராது.

களைப்பில் வரும் எரிச்சலுக்கு மருந்து, போகும் நேரம். ஞாயிறு காலை பத்திலிருந்து இரண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம், முகூர்த்த நாளுக்கு முதல் நாள் மாலை, இந்த நேரங்களில் தேர்ந்த ஆள்கூட உங்களை வேகமாகத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். தெருமுனைக் கடைகள் பெரும்பாலும் செவ்வாய் லீவு. பெரிய சலூன்கள் அன்று திறந்திருக்கும், ஆனால் செவ்வாய்க்கிழமை முடி வெட்டக்கூடாது என்கிற நம் வீட்டுப் பழக்கத்தால் காற்றாடும். வார நாளில் காலை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். அதே ஆள், வேறு மனிதராக இருப்பார். ஆடி மாதம் இன்னும் நல்லது, கல்யாண வேலை கிடையாது.

அடுத்து, வெடுக்கென்று சொன்னாலும் கேட்டே ஆக வேண்டியவை. “காலை எடுத்துட்டு நேரா உட்காருங்க”, “போனைக் கீழ வைங்க” என்று குரல் உயர்ந்தால் முறைக்காதீர்கள். கால் மேல் கால் போட்டால் இடுப்பு சாயும், தோள் ஏறி இறங்கும், அதை நம்பி வெட்டும் கோடும் கோணலாகும். போனைப் பார்த்துக் குனிந்தால் பிடரி அளவு மாறிவிடும். “இந்த அடர்த்திக்கு லேயர் வேணாம், நுனி எலி வால் மாதிரி ஆயிடும்” என்று சொல்கிறவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. ஒரு லேயர் கட்டின் காசை விட்டுக்கொடுக்கிறார். அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், வாயால் வரும் எந்தச் சொல்லையும்விடப் பெரிய அவமரியாதை ஒன்று உண்டு. எதையுமே கேட்காமல் பேக்வாஷுக்கு, அதாவது தலை அலசும் தொட்டிக்கு, அழைத்துப் போவது. முடி காய்ந்திருக்கும்போதுதான் அது எப்படி விழுகிறது, எங்கே சுருள்கிறது, எந்தப் பக்கம் வகிடு என்பது தெரியும். நனைத்த பிறகு எல்லார் முடியும் ஒன்றுதான். நேர் முடி ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தால் கொஞ்சம் ஏறும். சுருட்டை முடி இரண்டு, மூன்று இன்ச்கூட ஏறும். ஈரத்தில் தோள் வரை வெட்டிய சுருள், வீட்டுக்குப் போய்க் காய்ந்ததும் காதோரம் நிற்பது இதனால்தான். ஆகவே, “கழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசிடலாமா?” என்று நீங்களே நிறுத்துங்கள்.

பேசும்போது இன்ச் கணக்கை நம்பவே நம்பாதீர்கள். உங்கள் ஒரு இன்ச் வேறு, அவருடைய ஒரு இன்ச் வேறு. அதிலும் ‘நாலு இன்ச் வெட்டு’ என்பதற்கும் ‘நாலு இன்ச் வை’ என்பதற்கும் நடுவில் ஒரு தலையே போய்விடும். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில் 2018-ல் நடந்ததாக வழக்குக்கே போனது இதுதான். கீழேயிருந்து 4 இன்ச் வெட்டச் சொன்னார் வாடிக்கையாளர், மேலேயிருந்து 4 இன்ச் மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டார்கள் என்பது புகார். சமாதானத்துக்குக் கொடுத்த இலவச ட்ரீட்மென்டில் தலைத்தோல் வெந்தது என்பது கூடுதல் புகார். அதனால் கையை வைத்துக் காட்டுங்கள். “இந்த எலும்பு வரைக்கும் இருக்கணும், காய்ஞ்ச பிறகு” என்று காறை எலும்பைத் தொட்டுச் சொன்னால் அதில் குழப்பத்துக்கு இடமில்லை. வெட்டுகிறவர் மிசோரத்திலிருந்தோ உத்தரப்பிரதேசத்திலிருந்தோ வந்தவராக இருந்து, தமிழ் பாதிதான் புரிகிறது என்றால் இது இன்னும் முக்கியம். நாம் ‘மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்’ என்று நினைப்பது பல நேரம் மொழி புரியாத மௌனம்தான். போட்டோ காட்டினால் மூன்று காட்டுங்கள், அதில் ஒன்று ‘இப்படி வேண்டாம்’ என்பதற்கு.

ஆண்களுக்கு நம்பர் சொல்வது எளிது. மிஷினில் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. ‘மீடியம்’ என்று சொன்னால் அவருக்குத் தோன்றுவதுதான் மீடியம். கிருதா எங்கே நிற்க வேண்டும் என்பதையும் காதைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

பெண்களுக்கான ஹேர்கட்டில் நிறுத்திப் பார்க்க ஒரே ஒரு நல்ல இடம் இருக்கிறது. முடியை நாலாகப் பிரித்துக் கிளிப் போட்டு, பிடரியில் ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் முதலில் இறக்கி வெட்டுவார்கள். அதுதான் கைடு. மேலே இருக்கும் மொத்த முடியும் அந்த அளவை ஒட்டியே வெட்டப்படும். “முதல் லைன் வெட்டினதும் காட்டுங்க” என்று சொல்லி வையுங்கள். பின்கண்ணாடி பிடித்துக் காட்டக் கேட்பது உங்கள் உரிமை, அதற்கு முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அதிகமாக வெட்டிவிட்டார் என்று அங்கே தெரிந்தால் அந்த ஒரு அடுக்கு மட்டும்தான் நஷ்டம், மேல் முடி அதை மூடிவிடும். ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுந்து வரலாமா? தாராளமாக. துணி கட்டியாகிவிட்டது, தலை நனைந்துவிட்டது என்ற கூச்சத்தில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தே இருக்கிறோம். கத்தரி படாத வரை நீங்கள் கடன்பட்டது தலை அலசிய காசுக்கு மட்டும். “எனக்கு செட் ஆகல, வேற யாராவது பண்ணட்டும்” என்று ஸ்டைலிஸ்டிடம் இல்லாமல் முன் மேசையில் சொல்லுங்கள். மேனேஜர் ஆளை மாற்றிவிடுவார், அவருக்கு இது தினசரி வேலை. பாதி வெட்டிய பிறகு என்றால் எழுந்திருக்காதீர்கள். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும் தலையோடு வெளியே வருவதால் யாருக்கும் லாபமில்லை. அந்த இடத்திலேயே சீனியர் ஒருவரைக் கூப்பிட்டு முடித்துத் தரச் சொல்லுங்கள்.

கலர், ப்ளீச், ஸ்மூத்தனிங் வேலைகளில் மட்டும் பொறுமையே கூடாது. தலைத்தோல் எரிகிறது என்று சொன்னதற்கு, “கொஞ்சம் எரியத்தான் செய்யும்” என்று பதில் வந்தால் அது அவமரியாதை என்பதைத் தாண்டிய விஷயம். உடனே அலசச் சொல்லுங்கள். ஆறின தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். டியூபின் பெயரையும், அதோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர் எத்தனை வால்யூம் என்பதையும் போட்டோ எடுங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது என்ன போட்டார்கள் என்பதைத்தான். ஸ்மூத்தனிங் அயர்ன் வைக்கும்போது புகை கிளம்பிக் கண் எரிந்தால், ஏசி ரூமின் கதவைத் திறக்கச் சொல்லத் தயங்காதீர்கள். பல கெரட்டின் சரக்குகளில் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு வரும். அதை நாள் முழுக்கச் சுவாசிப்பது அந்த ஸ்டைலிஸ்ட்தான்.

முகச்சுளிப்பு உண்மையிலேயே ஆபத்தாகும் இடமும் இங்கேதான். “ஐயோ, ஹென்னா போடுவீங்களா?” என்று ஒரு தடவை கேவலமாகக் கேட்டுவிட்டால், அடுத்த தடவை அந்தப் பெண் ‘ஒண்ணும் போடலீங்க’ என்று பொய் சொல்வார். சில பாக்கெட் ஹென்னாக்களில் உலோக உப்பு இருக்கும். அதன் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி, நிறம் மாறி, நூலாக அறுந்துவிடும். ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடியில் ப்ளீச் போட்டாலும் உடையும். திட்டுக்குப் பயந்து மறைத்த விஷயம் தலையில்தான் வந்து விடியும். அதனால் யார் என்ன முகம் காட்டினாலும் போன இரண்டு வருடத்தில் போட்டதை எல்லாம் சொல்லிவிடுங்கள். பிடரியிலிருந்து நாலு முடியை வெட்டி அதில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலருக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்ல மேம், நாங்க டெய்லி போடுறோம்” என்கிறவரிடம் கலர் போடாதீர்கள். டெய்லி போடுவது அவர், டெய்லி போட்டுக்கொள்வது நீங்கள் இல்லை.

தெருமுனைக் கடையில் மேனேஜர் கிடையாது, வெட்டுகிறவர்தான் முதலாளி. அங்கே புகார் என்பதே இல்லை, “அண்ணா, இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறிடுச்சு பாருங்க” என்பதுதான் உண்டு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்தியைப் பிடித்தால், “பேசிட்டு வாங்கண்ணா, நான் இருக்கேன்” என்றால் போதும், வைத்துவிடுவார். பிளேடு விஷயத்தில் மட்டும் தயவு வேண்டாம். காகிதத்தைப் பிரித்து, பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் சொருகுவதை உங்கள் கண் பார்க்க வேண்டும். “இப்பதான் சார் மாத்துனேன்” என்றால் “பரவாயில்ல, இன்னொண்ணு போடுங்க, காசு தரேன்.” இதற்குக் கோபித்துக்கொள்கிற கடையில் ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி பயத்தோடு சவரம் செய்துகொள்ளாதீர்கள்.

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். நரைத்த தலையோடு இருப்பவரை ‘டேய், வாடா’ என்று கூப்பிடுவதும், சாதிப் பெயரை வைத்துக் கேலி பேசுவதும், வடகிழக்குப் பிள்ளைகளை முகத்தை வைத்துக் கிண்டலடிப்பதும் இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப் பேசிவிட்டு மரியாதை எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதிவில் ஒன்றும் இல்லை.

இனி பில். போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வாங்குங்கள், முடி நீளத்தையும் சொல்லி. சுவரில் இருப்பது ‘ஆரம்ப விலை’, உட்கார்ந்ததும் உங்கள் முடி ‘லாங்’ ஆகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரி போட்டிருந்தால் பில்லில் 15 இலக்கப் பதிவெண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக்கு அது 33-ல் தொடங்கும். முதல் தடவை போன இடத்தில் மெம்பர்ஷிப், ப்ரீபெய்டு பேக்கேஜ் எதுவும் வாங்காதீர்கள். காசு உள்ளே போன பிறகு கிடைக்கும் மரியாதையின் அளவே வேறு.

கட் சரியில்லை என்று முடிவு கட்டுவது வீட்டில் ஒரு தடவை தலைக்குக் குளித்துக் காய வைத்த பிறகு. ப்ளோ ட்ரை எல்லாக் கோணலையும் மறைக்கும். பிறகு வெளிச்சத்தில் முன், பின், இரண்டு பக்கம் என நாலு போட்டோ எடுத்து, பில்லோடு அனுப்பிச் சரிசெய்யக் கேளுங்கள். நல்ல சலூன் ஒரு வாரத்துக்குள் காசு வாங்காமல் செய்து தரும். ரிவ்யூ எழுதினால் தேதி, நேரம், என்ன சர்வீஸ், என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள். ‘வேஸ்ட், போகாதீங்க’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைத்தோல் வெந்தது, காசைத் திருப்பித் தரவில்லை என்று போனால் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நஷ்டத்துக்குக் காகிதம் வேண்டும். அந்த டெல்லி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. தொடுவதில் தப்பு நடந்தால் அது சலூன் புகாரே இல்லை, பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர எண் 112.

வெட்டிய முடி மட்டும் எந்த ஆணையத்துக்குப் போனாலும் திரும்ப வராது. நெற்றி முடியை ஒரு இன்ச் அதிகமாக வெட்டிவிட்டார்கள் என்றால் இரண்டு மாதம். பக்கவாட்டில் சீவி, காதுக்கு மேலே இரண்டு பின் குத்திச் சமாளிக்கலாம். முதல் மாதம் யாரிடமும் ‘கொஞ்சம் சரி பண்ணுங்க’ என்று கொடுத்துவிடாதீர்கள், அது இன்னும் அரை இன்ச் மேலே ஏறும்.